தலையிடி இல்லாதவருக்குத் தலையிடிக் குளிசை

இன்று காலை துறைமுகத்தடிச் சலூனில் முகம் வழிக்கக் காத்திருந்தேன். கதிரையில் மூதூர் ஹனீபா காக்கா இருந்தார். கத்தி அவர் தாடையில் இலேசாகப் பட்டுவிட்டது. படிகாரம் தேய்த்தும் பஞ்சு வைத்தும் இரத்தம் நிற்கவில்லை.

சலூன்காரர் பயந்துபோனார். "காக்கா, ஏதும் மருந்து குடிக்கிறீங்களோ?"

"ஓம் தம்பி. போன மாசம் வாய் கோணி, கை விழுந்து, பிறகு சரியாப் போச்சு. இனி இரத்தம் கட்டக் கூடாதெண்டு டொக்டர் அஸ்பிரின் தந்தவர்."

"அது தலையிடிக் குளிசையெல்லோ?" என்று நான் கேட்டேன்.

"அதுதானே! எனக்குத் தலையிடியே இல்லை. டொக்டர் பேய்க்காட்டுறார் எண்டு இண்டையோட நிப்பாட்ட இருந்தனான்."

சிவந்த பஞ்சைப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது. "அப்ப குளிசை வேலை செய்யுது!"

சலூன்காரர் பஞ்சை அழுத்திப் பிடித்ததும் இரத்தம் மெல்ல நின்றது. காக்கா சிரித்தபடியே மூதூர் போகும் லாஞ்சுக்குப் போனார்.

கத்தி பட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவரை நீங்கள் கண்டதுண்டா?