முறம் விட்ட பிறகுதான் ஆற்றில் இறங்கலாம்

கோடையில் தென்பெண்ணைக்குப் புதுத் தண்ணீர் வரும்போது முதலில் வருவது வாசனைதான். காய்ந்த சாணமும் சருகும் செம்மண்ணும் கலந்த அந்த நெடி தெருமுனைக்கு எட்டியதுமே, "பெங்களூர் பக்கம் நல்ல மழை, ஆறு வருது" என்று ஊரே கரைக்கு ஓடும். ஓடிப் போய் என்ன செய்யும்? வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மஞ்சள், குங்குமம், வளையல், புடவை வைத்த முறத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தேங்காய் உடைக்கும்வரை ஒருவரும் ஆற்றில் கால் நனைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களின் சட்டம். அதற்கு "முறம் விடுறது" என்று பெயர்.

பெரிய மனிதர்கள் என்றால் இரண்டே பேர். ஒருவர் மணியக்காரர், பாட்டன் வழியில் வந்த பதவியையும் தொப்பையையும் தவிர அவரிடம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இன்னொருவர் மாம்பழ மண்டிக்காரர், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் ஒன்றிலாவது உண்மை பேசி நான் கேட்டதில்லை.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், அப்பாவின் தங்கை முனிரத்தினம் அத்தை, கணவன் போன பிறகு அண்ணன் வீட்டுச் சோற்றுக்குக் கையேந்தக் கூடாது என்ற ரோஷத்தில், கறவை மாடுகளை விற்று வேப்பனப்பள்ளியில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். அவள் பழம் ஏற்றிய நாளுக்கு மறுநாள் அக்கரையில் ராயக்கோட்டைச் சந்தை. சேலத்து வியாபாரி ஒருவர் பழத்துக்காக அங்கே காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். வண்டி நிறையப் பழுத்த செந்தூராவோடு அத்தை எங்கள் ஊர்த் துறைக்கு வந்து சேர்ந்த அதே மத்தியானம் ஆறும் வந்து சேர்ந்தது.

தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தாண்டிப் போயிருக்கும். ஆனால் தலையாரி தடியைக் குறுக்கே நீட்டி வண்டியை நிறுத்திவிட்டான். மணியக்காரர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வரவே வெகுநேரம் ஆயிற்று. வந்தவர் தேங்காயைக் கையில் எடுக்க, புடவை வாங்கிக் கொடுத்தது நான், முதல் தேங்காய் மரியாதை என்னுடையது என்று மண்டிக்காரர் முறத்தைப் பிடித்துக்கொண்டார். தாத்தன் காலத்தில் யார் உடைத்தது, முப்பாட்டன் காலத்தில் யார் உடைத்தது என்று இரண்டு பேரும் கத்த, அதற்குச் சாட்சி சொல்ல இக்கரையில் தள்ளியிருந்த ஒரு ஊரிலிருந்து ஒரு கிழவரை அழைத்துவர ஆள் போனது. ஊர் ஜனம் வேர்க்கடலை தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தது. அந்த ஜனத்தைப் பற்றியும் எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியபோது அத்தை வண்டியிலிருந்து இறங்கி அவர்கள் நடுவில் போய் நின்றாள்.

"ஏங்க, ஆத்தைக் கும்புட வந்தீங்களா, உங்களை நீங்களே கும்புட்டுக்க வந்தீங்களா? என் பொழப்பு வண்டியில நிக்குதுங்க. வழி உடுங்க."

பொம்பளை பேசுகிற இடமா இது என்றார் மணியக்காரர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மண்டிக்காரர் அவரோடு ஒத்துப்போனார்.

கிழவர் வருவதற்குள் இருட்டிவிட்டது. ஆறு இடுப்புக்கு மேல் ஏறி, கரையோரம் கிடந்த முறத்தை யார் கையும் படாமல் தானே இழுத்துக்கொண்டு போனது. வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் மேட்டுக்கு ஓடியதை நான் கண்ணாரப் பார்த்தேன்.

வெள்ளம் மறுநாளும் வடியவில்லை. சந்தை முடிந்துபோயிற்று. வைக்கோலுக்குள் பழம் கசிந்து வண்டியைச் சுற்றி ஈ மொய்த்தபோது, மண்டிக்காரர் வந்து ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்து, மாட்டுக்குப் போடுகிற விலை சொன்னார். திட்டமிட்டுச் செய்த சூழ்ச்சி என்று அப்பா சொன்னார். நான் நம்பவில்லை, அப்படிச் சொன்னால் அந்த ஆளுக்கு மூளை இருந்ததாக ஆகிவிடும்.

அத்தை வண்டியைத் துறைக்கு ஓட்டச் சொல்லி, பின்பலகையைக் கழற்றி, அவர் கண்ணெதிரே அத்தனை பழத்தையும் ஆற்றில் தள்ளினாள்.

"மரியாதை மரியாதைன்னீங்களே, இந்தாங்க, நானே செஞ்சிட்டேன்."

இப்போது அங்கே பாலம் இருக்கிறது. துறையும் மணலும் வண்டித்தடமும் போன இடம் தெரியவில்லை. பெங்களூர் பக்கம் தொழிற்சாலைகள் வந்த பிறகு ஆற்றில் வருவது வெள்ளை நுரை. பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அந்த நுரைக்கு முதல் தேங்காய் உடைக்கும் உரிமை கேட்டு அந்த இரண்டு வீட்டுப் பேரன்களில் ஒருவனும் வரக் காணோம். போன மாதம் இரண்டு பேரும் சேர்ந்தே வந்து, பாலத்தருகே வைக்கப்போகும் விழாவில் ஊரின் பழம்பெருமையைப் பற்றி நான் பேச வேண்டும் என்று கேட்டார்கள். முனிரத்தினம் அத்தையைப் பற்றிப் பேசலாமா என்றேன். அது யார் என்று கேட்டார்கள்.

மண்டிக்காரர் பேரனைப் பார்த்து, உங்கள் மண்டியில் சாகும்வரை கூலிக்குப் பழம் பொறுக்கியவள் என்றேன்.