கிராம்பெண்ணெய் ஃபாக்கியும் பூனை சுல்தானியும்

வேத்தே ஊரில் ஃபாக்கியின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் மேல் அடிக்கும் கிராம்பெண்ணெய் வாசனை தெரியாதவர்கள் கிடையாது. பல்வலி, முழங்கால் வலி, எறும்புக்கடி, மழைக்காலச் சளி, எதுவானாலும் சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்னப் புட்டி வெளியே வந்துவிடும். பெம்பாத் தீவுக்கே சோறு போடுவது கிராம்பு, அது யாரையாவது கைவிடுமா என்பது அவர் கட்சி. காலையில் முற்றத்துப் பாயில் கிராம்பைக் காயப்போடுவார். மேகம் கறுத்தால் ஓடிப்போய் வாரிக்கட்டுவார். நடுநடுவே தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வைத்தியம். காசு வாங்கமாட்டார். கேட்காமலே தேய்த்தும் விடுவார், அதுதான் தொல்லை.

மகள் சுவேனா கல்யாணமாகிப் பக்கத்துத் தீவான உங்குஜாவுக்குப் போனபோது விட்டுப்போன பூனை சுல்தானி. வெள்ளிக்கிழமை போனில் அவள் முதலில் விசாரிப்பது பூனையைத்தான், பெற்றவர்கள் அப்புறம்தான். ஃபாக்கிக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு. ஆனாலும் மீனில் நடுத்துண்டைச் சுல்தானிக்குத்தான் போடுவார்.

ஒருநாள் காலை அது பக்கத்து வீட்டுக் கடுவனோடு மல்லுக்கட்டிவிட்டு, முன்னங்காலில் நகக்கீறலோடு வந்து நின்றது. ஆழமான காயமில்லை.

"உப்புத்தண்ணி காய்ச்சி ஆறவச்சுக் கழுவினாப் போதும், சுவேனா வாப்பா" என்றாள் மனைவி மிஸே.

"உப்புத்தண்ணியாம்! மரவள்ளிக்கிழங்கா அவிக்கப்போறே? நகரு அந்தாண்ட."

புட்டியைத் திறந்து தடவிவிட்டார். பூனை நக்காமல் இருக்குமா? கொஞ்ச நேரத்தில் வாயெல்லாம் நுரை. நடை தள்ளாடியது. கட்டிலுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஃபாக்கி தரையில் படுத்துக் கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தார். தன் கையாலேயே கொன்றுவிட்டோமோ? மகளிடம் எந்த வாயால் சொல்வது?

மிஸே திட்டவில்லை. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். அவளுக்கும் சேர்த்து அவர் திட்டினார்.

"பூனைக்குப் போய்க் கிராம்பெண்ணெயா? அதுக்கு அது விஷம்யா! சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணில கழுவுங்க. வாயைத் தொடைச்சுவிடுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. அப்படியே கூடையில வச்சுத் தூக்கிட்டு வாங்க!"

பூனையைக் கழுவித் துடைத்த கையோடு, முற்றத்தில் கிராம்பு காய்ந்தது காய்ந்தபடி கிடக்க, ஃபாக்கி கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். டாக்டர் ஊசி போட்டு, மாலைவரை பக்கத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டு, "பொழைச்சுக்கிச்சு, போங்க" என்றபோது ஃபாக்கிக்கு அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் அழுதார். வெட்கமாகக்கூட இல்லை.

வீட்டில் தினமும் ஆறவைத்த உப்புத்தண்ணீரால் புண்ணைத் துடைத்தார்கள். நக்காமலிருக்க மிஸே, இடுப்பில் சுற்றும் தன் பழைய கங்காத் துணியைச் சுருட்டிக் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டாள். புண் வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, பூனை சாப்பிடாமல் கிடந்தாலோ உடனே வரச்சொல்லியிருந்தார் டாக்டர். வீங்கவில்லை. சாப்பாட்டில் குறையே இல்லை. ஃபாக்கியின் தட்டிலிருந்தே மீனைத் தூக்கியது. "எடுத்துக்க தாயி, எடுத்துக்க" என்றார் அவர்.

புண் ஆறியபிறகு ஒருநாள், தேங்காய் உடைக்கையில் ஃபாக்கிக்கு விரலில் வெட்டு. கை தானாகவே சட்டைப்பைக்குப் போனது. அதற்குள் சுல்தானி மடியேறி, வழக்கம்போல அவர் புறங்கையை நக்கத் தொடங்கிவிட்டது. அவர் சட்டென்று கையை உயரத் தூக்கிக்கொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மிஸே, கொஞ்சம் உப்புத்தண்ணி காய்ச்சேன்."

"ஏன், மரவள்ளிக்கிழங்கு அவிக்கவா?"