பேர் கொடுக்கும் திங்கட்கிழமை

தங்கையின் மகளை என்னோடு கோவைக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்றுதான் பந்தலூருக்கு பஸ் ஏறினேன். மழை விட்டதா இல்லையா என்று மலைக்கே தெரியாத மாதம். என் வாடகை வீட்டின் பின்னறையை அவளுக்காகத் தயார் செய்திருந்தேன். கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் திரை தைத்து, மேசை விளக்கு வாங்கி வைத்தாயிற்று. ஐம்பதைத் தொட்ட, தனியாக இருக்கும் ஒருத்தி ஒரே அறையை எத்தனை முறை துடைக்க முடியும் என்பது எதிர்வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை மகள் எஸ்டேட் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிறாள் என்று தங்கை போனில் சொல்லியிருந்தாள். அதற்குள் தடுத்துவிட வேண்டும்.

தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு யாருக்கும் சொந்தமில்லை. வீட்டில் ஒருவருடைய பேர் எஸ்டேட் பதிவில் இருக்கும்வரை அந்த இரண்டு அறை நம்முடையது. அவர் ஓய்ந்தால் இன்னொருவர் பேர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டிபானையோடு இறங்க வேண்டும். தங்கைக்கு முழங்கால் போய்விட்டது. இனிச் சரிவில் ஏறக் கூடாதென்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அவள் கணவர் இறந்து நாளாகிறது. மிச்சம் இருப்பவள் மகள். இருபத்தொரு வயது, பி.காம். முடித்தவள்.

இதே வாசல் எனக்கும் வந்தது, பத்தொன்பது வயதில். கடல் தாண்டி வந்து இந்த மலையில் கொழுந்தெடுத்த அம்மாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்திருந்தது. பதிவில் இருந்தது ஒரே இடம். மூத்த பிள்ளைக்குத்தான் முதல் உரிமை என்பது லயத்து வழக்கம். அம்மா தன் படங்கை, இடுப்பில் கட்டிக்கொள்ளும் அந்தத் தார்ப்பாய்த் துண்டை, கழுவி எனக்காகக் காயப்போட்டாள். மறுநாள் விடிந்ததும் நான் முதல் பஸ்ஸில் இருந்தேன். கோவையில் தமிழ் படிக்க இடம் கிடைத்திருந்தது. கவிதை எழுத வேண்டும், அவ்வளவுதான் கனவு. வளைவில் திரும்பிப் பார்த்தேன். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் மேட்டில், பதினெட்டு முடிந்து ஒரு மாதமே ஆன என் தங்கை என் இடத்தில் நின்றிருந்தாள். படங்கு அவளுக்குக் கணுக்கால்வரை தொங்கியது.

அந்தக் காட்சியிலிருந்துதான் நான் எழுத ஆரம்பித்தேன். முப்பது வருடமாக அதையேதான் எழுதுகிறேன் என்றும் சொல்லலாம். கல்லூரி விழாக்களில் பேசக் கூப்பிடுவார்கள். கனவைத் துரத்துங்கள் என்று சொல்லிவிட்டு, பொன்னாடையை மடித்துக்கொண்டு, இன்னொரு ஊரில் இன்னொரு வாடகை வீட்டுக்குத் திரும்புவேன். எந்த ஊரிலும் மூன்றாம் வருடம் கால் அரிக்கும். எந்த ஊர் மழையிலும் பச்சைக் கொழுந்து வாடும் வாசனையை மூக்கு தேடும். தேடிக்கொண்டு பந்தலூர் வந்தால் இரண்டாம் நாளே மூச்சுத் திணறும். கேட்டது கிடைத்த பிறகும் ஒரு மனது எதற்காக இப்படி ஜன்னலைத் திறந்து திறந்து மூடுகிறது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தங்கை காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் பீன்ஸ் நறுக்கினாள்.

"பெரியம்மா, ரூமுக்கு பெயின்ட் எல்லாம் அடிச்சீங்களாமே. யாராச்சும் மாப்பிள்ளை வர்றாரா?"

"நீதான்டி வர்ற."

"நான் வரலியே."

"உங்கம்மாவும் வரட்டும். லயம் போனா போகுது. உனக்கு என்ன ஆகணும்னு ஆசை, அதைச் சொல்லு. எதுவானாலும் நான் இருக்கேன்."

"அப்படி ஒண்ணும் இல்ல பெரியம்மா."

"இருபத்தொரு வயசுல ஒரு கனவும் இல்லையா?"

"இல்லாட்டி தப்பா?" பீன்ஸின் நாரை நிதானமாக உரித்தாள். "காலேஜ்லயும் இதே தொல்லை. மைக்கை நீட்டி உன் கனவு என்னன்னு கேப்பாங்க. வருசத்துக்கு ஒண்ணு புளுகுவேன். ஒரு தடவை பைலட்டுன்னேன். என்னா கைதட்டு!"

மைக்கை நீட்டிய அந்த ஆள் நானாகவும் இருந்திருக்கலாம்.

அவள் பேர் கொடுக்கப்போவது பிள்ளைக்காம்பராவுக்கு. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. அங்கிருந்த ஆயாம்மா ஓய்வு பெறுகிறார். மூன்று மாதமாக இவள் சும்மாவே போய் உதவிக்கொண்டிருந்தாளாம்.

"லயத்துல இப்ப பாதிப் பேர் ஜார்கண்டு ஆளுங்க பெரியம்மா. அதுங்க என்ன கேட்டு அழுவுதுன்னே ஆயாம்மாவுக்குத் தெரியல. தமிழ்ல தாலாட்டுனா இன்னும் கத்துதுங்க. நான் அவங்கம்மாக்களோட உக்காந்து அவங்க பாட்டைக் கத்துக்கிட்டேன். இப்ப பதினாலு புள்ளைல பன்னெண்டு தூங்குது."

"மிச்சம் ரெண்டு?"

"அது உங்கள மாதிரி. எங்கயும் தூங்காது."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"நல்ல வேலைதான், யாரு இல்லேன்னாங்க? ஆனா இந்த வீட்டுக்காகத்தான போற? உங்கம்மா ஒருத்தி தன்னைப் பலி குடுத்தது போதும்."

சிரிப்பு நின்றது. தைலக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தங்கை என்னைப் பார்த்தாள்.

"யாரு பலி? நானா?"

"பின்னே?"

"அக்கா, அன்னிக்கு நீ பஸ் ஏறிட்டேன்னு, வேலை விட்டதும் ஓடிப்போயி மாரியம்மனுக்குத் தேங்கா ஒடைச்சேன். இருந்தது ஒரே எடம். மூத்தவ நீ. நீ இருந்திருந்தா எனக்கு ஏது பேரு? படிக்கவும் எனக்கு ஏலாது. என் செட்டுப் புள்ளைக எல்லாம் கூடையத் தூக்கிட்டு சிரிச்சுக்கிட்டே மலைக்குப் போவாளுக. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். இவ ஒழிஞ்சு போகணும் தாயேன்னு எத்தன நாள் வேண்டியிருக்கேன் தெரியுமா?"

"ஏண்டி இத்தனை வருசமா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? வர்றப்பல்லாம் என் கையப் புடிச்சு அழுத. அப்புறம் புஸ்தகம் குடுத்த. படிச்சேன். யாருக்கா அதுல வர்ற அந்தப் பாவப்பட்ட பொம்பள? எனக்கே அழுகை வந்துருச்சு."

மகள் பீன்ஸ் தட்டை வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு ஓய்ந்ததும் அறை பெரிதாகிவிட்டது. அவளுக்குக் கடன்பட்டவள் என்ற நினைப்பில்தான் இந்த வீட்டுக்குள் இத்தனை வருடமும் செருப்பைக் கழற்றிவிட்டு உரிமையோடு நுழைந்திருக்கிறேன். அவள் எதையும் இழக்கவில்லை என்றால் நான் இங்கே யார்? என் கனவு வெளியே கிளம்பிப் போகிற வகை. அவளுடையது கைக்கெட்டும் செடியில் இருந்தது. இளம்பிள்ளைகளுக்கு நான் மேடையில் சொன்ன எதிலும் அவள் இல்லை.

சாயங்காலம் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பெரியம்மா, வீட்டுக்காகவும்தான் போறேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ரூமுக்குள்ள போனா சாயங்காலம் ஆனதே தெரியறதில்ல. இது கனவா இல்லையான்னு நீங்களே ஒரு பேரு வச்சுக்குங்க." முப்பத்தைந்து வயதில் இவள் இந்த முடிவை வெறுக்கலாம். வெறுக்காமலும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் தைரியம் முதல்முறையாக எனக்கு வரவில்லை.

திங்கட்கிழமை கீழ்மலையில் யானை நின்றதால் வேலை பிரிக்க நேரமாயிற்று. ஆபிஸ் ஜன்னலில் மலையாளி கிளார்க் படிவத்தை நீட்டினார். மகள் நின்றபடியே நிரப்பினாள். தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாட்சி வேணும்," என்றார் கிளார்க். "இங்க பதிவுல இருக்கறவங்களும் லயத்துல குடியிருக்கறவங்களும் போட ஏலாது. வெளி ஆளு வேணும்." என்னைப் பார்த்தார். "சேச்சி எவிடயா, எந்த ஊரு? இந்த ஊரு இல்லையில்ல?"

தங்கை வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"இல்லைங்க. வெளியூருதான்."

மகள் பேனாவை நீட்டினாள். தடுக்க வந்த நான் அவளுடைய பேருக்குக் கீழே என் பேரை எழுதினேன். முகவரியில் கோவைத் தெருவை எழுதினேன். பின்கோடு கேட்டிருந்தது. கை நின்றுவிட்டது. இரண்டு வருடமாகக் குடியிருக்கும் தெருவின் பின்கோடு எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இந்த எஸ்டேட்டுடையது மட்டும் கேட்காமலே விரல் நுனிக்கு வந்து நின்றது.

"பெரியம்மா?" என்றாள் மகள்.

"இரு, யோசிக்கிறேன்," என்றேன்.