கொஞ்சம் கலராக ஒரு கை

போன வாரம் ஒரு போன். நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அதே ஆரணிப் பள்ளியிலிருந்து. இப்போதைய தலைமையாசிரியை பேசினார்.

"சார், உங்க காலத்துல வரைஞ்ச ஒற்றுமை ஓவியம் மழையில உரியுதுங்க. நடுக் கை கருப்பா ஆயிகினு வருது. மேல ஒரு கோட் அடிச்சிடட்டுமா?"

அந்தக் கை பிறந்ததே கருப்பாகத்தான்.

தொண்ணூறுகளில் நடந்தது. பள்ளிச் சுவரில் உலக ஒற்றுமை ஓவியம் வேண்டும் என்று எனக்கு ஆசை. வெள்ளையர் கை, ஆப்பிரிக்கர் கை, சீனர் கை, நடுவில் நம் இந்தியர் கை... எல்லாம் ஒன்றையொன்று பிடித்தபடி. மேலே 'நிறம் பல, மனிதம் ஒன்று' என்று வாசகம். அது அடியேன் எழுதியது. பெருமை வேறு!

வரைந்தவர் ஏழுமலை. தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து கடை போர்டு எழுதுகிறவர். அவர் மகள் செல்வி எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு. மதிய இடைவேளையில் அவளை நிறுத்தி, அவள் கையைப் பார்த்துப் பார்த்து இந்தியர் கையை வரைந்தார். அந்தப் பெண் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். "இந்தியா என் கைதான்டி!"

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பெற்றோர் சங்கத் தலைவர் பார்க்க வந்தார். பட்டு வியாபாரி. நிறம் பார்த்தே பழகிய கண்.

"இன்னா சார் இது, ஆப்பிரிக்காவுக்கு மட்டும் ரெண்டு கையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்...

"ஏழுமலை, நம்ம கையைக் கொஞ்சம் கலரா போட்டுடுப்பா."

"அது எம் பொண்ணு கை சார். ஊரெல்லாம் சொல்லிகினு திரியுது."

"பெரிய ஆபீசருங்கல்லாம் வராங்கப்பா. பளிச்சுன்னு இருக்க வேணாமா?"

அவர் பிரஷ்ஷை எடுத்தார். சாயங்காலத்துக்குள் இந்தியா சந்தன நிறமாகிவிட்டது.

நிற சமத்துவத்துக்கு நான் ஆற்றிய தொண்டு — ஒரு குழந்தையின் கைக்கு வெள்ளையடித்தது! விழாவில் நெடுநேரம் முழங்கினேன். முழுக்கைச் சட்டை. அதற்குள் இருந்த என் கையும் செல்வியின் நிறம்தான் என்பதை யார் பார்த்தார்கள்?

மறுநாளிலிருந்து செல்வி அந்தச் சுவர்ப் பக்கம் வரவில்லை. கழிப்பறைப் பக்கமாகச் சுற்றி வகுப்புக்குப் போனாள். தினமும் பார்த்தேன். ஒரு நாளும் கூப்பிட்டுப் பேசவில்லை.

போன் வந்த மறுநாள் தேவிகாபுரம் பஸ் ஏறினேன். ஏழுமலைக்கும் தலை நரைத்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"இத்தினி வருஷம் தாங்கிச்சா? ஜல்தி உரிஞ்சிடும்னு நெனச்சேனே!"

"என்னப்பா சொல்ற?"

"பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சா, மொதல்ல உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும் சார். இல்லன்னா பிடிக்காது. எம் பொண்ணு கை மேல உப்புத்தாள் போட மனசு வரல. சும்மா மேலாப்புல அடிச்சுட்டு வந்துட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட எதுக்கு சார்? செல்வி செய்யார்ல கம்பெனி வேலைக்குப் போவுது. ஞாயித்துக்கிழமை இட்டாரேன். சுவராண்ட நின்னு அதுகிட்ட சொல்லுங்க."

வீடு திரும்பியதும் தலைமையாசிரியைக்குப் போன் போட்டேன்.

"கோட் வேணாம்மா. அதை நான் ஏற்கெனவே அடிச்சாச்சு."