உள்பக்கத் தாழ்ப்பாள்

1. சாயந்தரப் பெரட்டு

மூன்றாவது நாளாக பிலோமினா வரிசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நடந்த ஆசிரியர் பயிற்சி நிலையம் அது. எண்பதுகளின் நடுப்பகுதி. நான் அங்கே கிளாக்கராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்தவன் நான் ஒருவன்தான். சொன்ன வேலையைப் பிசகாமல் செய்துவிட வேண்டும் என்ற பதற்றம் எப்போதும் இருக்கும். இன்று இதுபோன்ற நிலையங்களுக்கும் விடுதிகளுக்கும் வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

தோட்டத்தில் காலையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. எங்கள் அதிபரும் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அந்தப் பழக்கத்தை அவர் நிலையத்துக்கும் கொண்டுவந்திருந்தார். பயிற்சி ஆசிரியர்கள் பகலில் ஆளுக்கொரு தோட்டப் பாடசாலைக்குப் போய்க் கற்பித்துவிட்டுத் திரும்புவார்கள். சாயந்தரம் பெரட்டு. அன்று போகாதவர்கள் முன்னால் வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி காரணம் சொல்ல வேண்டும். பஸ் வரவில்லை, மண் சரிந்துவிட்டது, காய்ச்சல் என்று சொல்வார்கள். பின்னால் சிரிப்பு கேட்கும். அத்தோடு முடியும்.

"முந்தாநாள் தலவலின்ன. நேத்து பஸ்ஸ விட்டுட்டேன்ன. இன்னைக்கு என்னம்மா?" என்றார் அதிபர்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார்."

"சார், அந்த ஸ்கூல் பாதையில அட்டைக்கடி ஜாஸ்தியாம்!" என்று ஆண்கள் வரிசையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். எல்லாரும் சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனியும் போகாட்டி ஒன் பயிற்சி கணக்குல வராது. வீட்டுக்குத்தான் போகணும்" என்ற அதிபர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, இவ அப்பாவுக்குத் தந்தி குடுங்க. நாளைக்கு நீங்களே கூட்டிட்டுப் போய் ஸ்கூல்ல விட்டுட்டு வாங்க."

அந்தப் பாடசாலையின் பெரிய வாத்தியார் தன் கையால் மதிப்பெண் புள்ளி போட்டுக் கையெழுத்து வைத்தால்தான் அவளுக்குச் சான்றிதழ். சான்றிதழ் கிடைத்தால் அவள் டீச்சர். கிடைக்காவிட்டால் அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போக வேண்டும். அவளுடைய லயத்திலிருந்து இவ்வளவு தூரம் படிக்க வந்த பெண் வேறு யாரும் இல்லை.

2. இறங்க மறுத்த இடம்

மறுநாள் காலை பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் பின் சீட்டில். பாடசாலைச் சந்தி வந்ததும் நான் எழுந்தேன். அவள் எழவில்லை. முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கிளாக்கர் சார், ஸ்கூல் சந்தி! எறங்குறதுக்குப் பல்லக்கு கொண்டாரணுமா?" என்றார் கொண்டக்டர்.

"பிலோமினா, எறங்கும்மா."

"நான் எறங்க மாட்டேன் சார். பஸ் எங்க போகுதோ அங்க போறேன்."

கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. சோம்பலில் பாடசாலைக்குப் போகாத பிள்ளையின் கை அப்படி இருக்காது. கடைசித் தரிப்புவரை இரண்டு டிக்கெட் கேட்டேன்.

பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பிளேன்டீயைத் தொடாமலே வைத்திருந்தாள்.

"அந்த ஸ்கூல்ல யாராச்சும் ஏதாச்சும்..." என்று தொடங்கினேன். முடிக்கத் தெரியவில்லை.

"ஒங்ககிட்ட சொல்ல முடியாது சார். கோவிச்சுக்காதீங்க."

"கோவமெல்லாம் இல்ல. விடுதி மேட்ரன்கிட்ட சொல்வியா?"

"சொல்லலாம். எங்க வெச்சு சொல்றது?"

அவள் கேட்டது நியாயம். கொழுந்து வாட்டிய மேல்மாடிதான் பெண்கள் விடுதி. ஆள் உயரத்துக்குப் பலகை அடித்து, லயத்துக் காம்பரா அறைகள் மாதிரி தடுத்திருந்தார்கள். மேட்ரன் படுப்பதும் அதில் ஒரு தடுப்பில்தான். முதல் கட்டிலில் இருமினால் கடைசிக் கட்டிலில் இருப்பவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பாள். கந்தோரில், அதாவது அலுவலகத்தில், அதிபர், நான், வந்து போகிறவர்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் நாலு வார்த்தை தனியாகச் சொல்ல அந்த நிலையம் முழுவதிலும் இடம் இல்லை. ஒரு வருடமாக அங்கே வேலை செய்தும், அவள் கேட்ட பிறகுதான் அது என் கண்ணில் பட்டது.

3. உருளைக்கிழங்கு அறை

படியடியில் 'நோயாளர் அறை' என்று எழுதிய ஓர் அறை இருந்தது. உடைந்த மேசைகளும் வலைப்பந்து வலையும் விவசாயப் பாடத்துக்கான விதை உருளைக்கிழங்கும் அதில் கிடந்தன. அவளோடு நிலையத்துக்குத் திரும்பியதும் நான் மூட்டைகளை வெளியே இழுத்துப் போடுவதைப் பார்த்து மேட்ரன் ஞானம் அக்கா வந்தார். முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சியாக இருந்தவர்.

"என்ன தம்பி, கெழங்குக்கு சொகமில்லையா? வார்ட்ட மாத்துறீங்க?"

நான் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ஒன்றும் கேட்காமல் மூட்டையின் மறுமுனையைத் தூக்கினார்.

சாமான் போடும் அறை என்பதால் கதவுக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள் இருந்தது. பிலோமினா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகவில்லை.

"தம்பி, இதக் கழட்டி உள்ள போடுங்க" என்றார் ஞானம் அக்கா.

கழற்றி உள்பக்கம் பொருத்தினேன். பிலோமினா தானே ஒரு தரம் போட்டுப் பார்த்தாள், திறந்து பார்த்தாள். பிறகுதான் இருவரும் உள்ளே போனார்கள். நான் தண்ணீர் விழும் பீலிக்கரையில் போய் உட்கார்ந்து, அந்தப் பக்கம் வந்தவர்களை மேல்வழியாகப் போகச் சொன்னேன்.

மத்தியானம் ஞானம் அக்கா மட்டும் வெளியே வந்தார்.

"பாடக்குறிப்பு பாக்கணும்னு குவார்ட்டர்ஸுக்கு வரச் சொல்லியிருக்கான் அந்தப் பெரிய வாத்தி. கதவப் பூட்டி பலவந்தம் பண்ணியிருக்கான். அவ சொல்லச் சொன்னது இவ்வளவுதான். மிச்சம் அவளோடது. நீங்களும் கேக்காதீங்க."

இன்றுவரை நான் கேட்கவில்லை.

4. மேலுக்கு முடியல

அன்று பின்னேரம் மேட்ரன் அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு பெண் டாக்டரிடம் காட்டினார். பொலிஸுக்குப் போவதா என்று அவளிடமே கேட்டார். இப்போது வேண்டாம், கல்விக் கந்தோருக்கு எழுதலாம் என்றாள். எந்த நாளில் மனம் மாறினாலும் கூட வருவதாக மேட்ரன் சொல்லி வைத்தார்.

அதிபரிடம் மேட்ரனும் நானும் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே இருந்தார்.

"வெளிய தெரிஞ்சா நம்ம நெலையத்துக்கு எந்தத் தகப்பன் பொண்ண அனுப்புவான்? தோட்டத்துத் தலைவர வெச்சுப் பேசி, கோயில்ல அந்தாள மன்னிப்புக் கேக்க வெச்சிருவோம்."

"அவன் மன்னிப்புக் கேக்குறத இவ ஏன் சார் எதிர்ல நின்னு பாக்கணும்?" என்றார் ஞானம் அக்கா.

"சரிம்மா. ஆனா மூணு நாளாக் கேட்டேனே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"அத்தன ஆம்பளப் பசங்களுக்கு முன்னாலயா?"

அதிபருக்குக் கோபம் வந்தது. "பெரட்டுன்னா அப்படித்தான். தோட்டத்துல நம்ம தாய் தகப்பனெல்லாம் பெரட்டுல நின்னவங்கதான்."

அப்போது நான் வாயைத் திறந்தேன். அதிபருக்கு எதிராக நான் பேசிய முதல் பேச்சு அது.

"எங்கம்மாவும் நின்னிருக்காங்க சார். வேலைக்குப் போக முடியாத அன்னைக்கு, 'மேலுக்கு முடியல கங்காணி'ன்னு மட்டும் சொல்வாங்க. கங்காணி தலைய ஆட்டிட்டு அடுத்த பேரக் கூப்பிடுவாரு. மத்ததுக்கெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசுற மனுசன்தான். ஆனா பொம்பள அப்படிச் சொல்லிட்டா, என்ன ஏதுன்னு ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாரு."

அதிபர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியே பெரட்டு நடக்கும் வெறும் களத்தைப் பார்த்தார்.

"எங்கம்மாவும் அதத்தான் சொல்லும்" என்றார் கடைசியில். "கல்விக் கந்தோருக்கு முறைப்பாட்ட எழுதுங்க. கையெழுத்து நான் வெக்கிறேன்."

5. தகப்பன் வந்த நாள்

தந்தி முன்பே போய்விட்டது. அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. மறுநாள் அவள் தகப்பன் அந்தோனி நனைந்த குடையோடு வந்து நின்றார். எவ்வளவு சொல்லலாம் என்று பிலோமினாவிடம் கேட்டுக்கொண்டு, மேட்ரன் அவருக்கு அந்த அறையில் வைத்து விஷயத்தைச் சொன்னார். வெளியே வந்ததும் அந்தோனி மகளின் பெட்டியைத் தேடினார்.

"வா தாயி. இந்த வாத்தியார் வேல நமக்கு வேணாம். வீட்டுக்குப் போவோம்."

"நான் எதுக்குப்பா வரணும்? நான் என்ன செஞ்சேன்?"

அவர் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். பிறகு என்னிடம் கேட்டார்: "அந்தாளு புள்ளி போடாம எம்மவ பாஸாக முடியுமாங்க?"

"வேற ஸ்கூல்ல பயிற்சி முடிக்கலாம். அங்க உள்ளவங்க போடுவாங்க."

"தனியாவா போவுது?"

"இல்ல. ரெண்டு பேராத்தான்."

"அப்ப இருக்கட்டும்" என்றார். மகளின் தலையில் கை வைத்துவிட்டு, வந்த வழியே நடந்தார்.

பிலோமினா வேறு பாடசாலையில் பயிற்சியை முடித்து, சான்றிதழும் வாங்கினாள். பெரிய வாத்தியாருக்கு விசாரணைக்குப் பிறகு இடமாற்றம் வந்தது. அவ்வளவுதான். அதைத் தண்டனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் போன இடத்துப் பாடசாலைக்கும் மேட்ரன் ஒரு நாள் போய், அங்கிருந்த ஆசிரியையிடம் பேசிவிட்டு வந்தார்.

அந்த வருடத்தோடு யாரையும் தனியாக ஒரு பாடசாலைக்கு அனுப்புவதை நிறுத்தினோம். புள்ளியை ஒருவர் கையில் மட்டும் விடவில்லை. பாடக்குறிப்பைப் பாடசாலையில், பள்ளி நேரத்தில்தான் பார்க்க வேண்டும் என்று எல்லாப் பெரிய வாத்தியார்களுக்கும் அறிவித்தோம். பெரட்டு தொடர்ந்தது, ஆனால் காரணம் கேட்பது நின்றது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே ஞானம் அக்கா அந்த அறையைக் காட்டுவார். "இங்க வந்து அழலாம், ஏசலாம், சும்மாவும் ஒக்காந்துருக்கலாம். நான் ஏன்னு கேக்க மாட்டேன். நீங்களாச் சொன்னாக் கேப்பேன்" என்பார்.

6. எண்ணெய்

பல வருடங்களுக்குப் பிறகு, போன மாதம் பிலோமினா டீச்சர் நிலையத்துக்கு வந்தார். இப்போது அவர் பாடசாலைக்கும் நாங்கள் பயிற்சிக்கு ஆள் அனுப்புகிறோம். வந்த வேலை முடிந்ததும், "சார், அந்த ரூம் இருக்கா?" என்றார்.

கூட்டிப் போனேன். நான் வெளியே நின்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் கிறீச்சிட்டு, பாதியில் சிக்கி, பிறகு விழுந்தது. திறக்கவும் இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது.

"என்ன சார், துருப்பிடிச்சுக் கெடக்கு? எண்ணெ போடுறதில்லையா?"

"யாரும் வாறதில்லன்னு..."

"வாறவ இதோட மல்லுக்கட்டணுமா?"

அன்றே தையல் மெஷின் எண்ணெய் வாங்கிப் போட்டேன். யாராவது அந்த அறைக்கு வருகிறார்களா இல்லையா என்று எண்ணிக்கொண்டிருப்பது நம் வேலை இல்லை. வருகிற அன்றைக்குத் தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விழ வேண்டும், அவள் நினைத்த நேரத்தில் அவள் கையாலேயே திறக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை.