கடித்துக் கொடுத்த பாதி

டர்பன் நகரத்தை ஒட்டிய உம்லாசியில், எங்கள் சரிவுத் தெருவில், நாயைக் கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு போன முதல் ஆள் தோலகேலேதான். எங்கள் நாய்கள் தாமாகப் போகும், தாமாக வரும். கயிறு பிடித்துப் பின்னால் நடப்பதெல்லாம் டர்பன் பங்களாக்காரர்கள் வேலை. தோலகேலே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை துவைத்தே காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். சர்க்கரை ஏறிப்போய், தினமும் நடக்க வேண்டும் என்று கிளினிக் நர்ஸ் சொல்லிவிட்டாள். காரணமில்லாமல் தனியாக நடந்தால் பைத்தியம் என்பார்களே என்று நாயைக் கூட்டிக்கொண்டாள். நாயோடு நடந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள்.

"துரைசானி வர்றாங்க, வழி விடுங்கப்பா," என்பான், மதுக்கடை வாசலில் இறைச்சி சுடும் முசி.

"கயிறு இன்னொன்னு இருக்கு. உன்னையும் கட்டி இழுத்துட்டுப் போகவா?" என்பாள் இவள்.

நாயின் பெயர் அசாசி. 'நமக்கென்ன தெரியும்' என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரியிடம் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை நாய்க்குப் பெயராக வைத்துக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். சண்டையும் வராது, சொல்ல வேண்டியதும் போய்ச் சேர்ந்துவிடும். சாயங்காலமானால் வேலியோரம் நின்று "அசாசீ" என்று அவள் நீட்டிக் கூப்பிடுவது யாருக்காக என்று தெருவுக்கே தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மாசெலேக்காக.

விஷயம் பழையது. மாசெலே மகளின் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்த தோலகேலேயின் கடைசித் தங்கை ஃபிகிலே, இரண்டு நாள் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனாள். குடல்வால் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்றது தெரு. தெரு அதைச் சொல்லிவிட்டு அடுத்த மாதமே மறந்தும் போனது. தோலகேலேயால் மறக்க முடியவில்லை. நம்பினாளா என்றால், முழுசாக நம்பவுமில்லை. நம்பாமல் தூங்கவும் முடியவில்லை. பதினோரு வருடமாக அவள் தெருவில் எந்த வீட்டிலும் கை நனைத்ததில்லை. சாவு வீடென்றால் முதல் ஆளாகப் போய்ப் பூசணி நறுக்குவாள், பானை கழுவுவாள். எல்லோரும் தட்டேந்தி உட்காரும்போது தன் பையிலிருந்து சொந்த டப்பாவை எடுத்துத் திறப்பாள். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருந்ததுதான் பெரிய கொடுமை என்று எனக்குத் தோன்றும்.

அசாசிக்கு இந்த வைராக்கியமெல்லாம் கிடையாது. அது எந்த வீட்டு எச்சிலையும் விடாது. முசியின் கடைப் பின்புறம், டாக்சி நிறுத்தம், சனிக்கிழமை அடக்கம் முடிந்து சாப்பாடு போட்ட பந்தல், எங்கே போனாலும் அதன் மூக்கு தரையில்தான். மாசெலே வேறு, எலும்பு மிஞ்சினால் வேலிக்கு மேலே வீசுவாள். பார், உன் நாய் என் வீட்டுச் சாப்பாட்டைத் தின்றுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்வதைப் போல.

ஒருநாள் அசாசி தின்பதை நிறுத்தியது. வாந்தி எடுத்துக்கொண்டு சுருண்டு கிடந்தது. விலங்கு நலச் சங்கத்து வண்டியில் ஏற்றிப் போய் வயிற்றைக் கீறினார்கள்; உள்ளே கோழி எலும்பு. அது யார் வீட்டு எலும்பு என்று நாய்க்குத்தான் தெரியும். தையல் போட்ட டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னொரு தடவை இந்த வயித்தத் திறக்க முடியாதும்மா. தெருவுல எதையும் எடுக்கவிடாதீங்க. எடுத்தா அதோட கதை முடிஞ்சுது," என்றாள்.

தோலகேலேக்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. காலையில் எழுந்தால் அவள் பேசும் முதல் வார்த்தை அந்த நாயோடுதான்.

முதலில் அதட்டினாள், கயிற்றைச் சுண்டி இழுத்தாள், வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். நாய் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொண்டது: அவள் குனிவதற்குள் விழுங்கிவிட வேண்டும். வாயை மூடும் வலைக்கூடை வாங்கி மாட்டினாள். "கடிக்கிற நாயை ஏன் தெருவுல கொண்டு வர்றே?" என்று பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அசாசி தலையைத் தொங்கப்போட்டு நடந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை, கழற்றிவிட்டாள்.

பிறகுதான் ஈரலைப் பிடித்தாள். கோழி ஈரலை வேகவைத்துச் சின்னத் துண்டுகளாகப் பையில் போட்டுக்கொண்டாள். நாய் எதையாவது மோந்தால் நின்று, "விடு" என்று ஒரே தடவை சொல்வாள். இழுக்கமாட்டாள். அது தலையைத் தூக்கி அவளைப் பார்க்கும்வரை காத்திருப்பாள். பார்த்ததும் ஒரு துண்டை எடுத்துப் பாதியைத் தான் கடித்து, மீதியை அதற்குக் கொடுப்பாள். எங்கள் பக்கத்தில் கொடுப்பவர்கள்தான் முதலில் வாய் வைக்க வேண்டும். பீர் ஊற்றினாலும் கறி வைத்தாலும், இதில் விஷமில்லை என்று முதல் வாயில் காட்டிவிட்டுத்தான் விருந்தாளியிடம் நீட்டுவோம். அவள் யோசித்துச் செய்ததில்லை, கைப்பழக்கம் அப்படி. அடுத்தவர் வைத்த முதல் வாயை நம்பாதவள், நாய்க்கு மட்டும் ஒழுங்காக முதல் வாய் வைத்தாள்.

"நாய்க்குக் கூடவா ருசி பாத்துக் குடுப்பாங்க?" என்று முசி சிரித்தான்.

"உங்கிட்ட வர்றவங்களுக்கு நீ பாக்கறதில்லையே, அந்தக் குறையை நான் தீர்க்கறேன்."

குளிர்காலம் வருவதற்குள் நாய் மாறிவிட்டது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பவர்கள் முசியின் கடைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். குடிக்க வந்தவர்கள் பந்தயம் கட்டிக் கொழுப்பு வடியும் சாசேஜை அதன் காலடியில் போட்டார்கள். அசாசி தோலகேலேயின் முகத்தைப் பார்த்தது, அப்படியே கடந்து போனது. கைதட்டினார்கள். தெரு அவளோடு சேர்ந்து சிரித்து வெகுநாளாகியிருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தக் குளிரிலேயே அவள் கால்விரல் ஒன்று கறுத்தது. பரிசோதனைக்காக ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். சர்ச்சில் கூடப் பாடும் தோழி ஒருத்தி வந்து நாய்க்குச் சோளக்களியும் குழம்பும் வைத்தாள். தோலகேலே திரும்பி வந்தபோது களி எறும்பு மொய்த்துக் கிடந்தது. நாய் தண்ணீர் மட்டும் குடித்திருந்தது. அவள் ஒரு விள்ளல் எடுத்துத் தின்றுவிட்டு நீட்டியதும் வாரி விழுங்கியது.

விரலை எடுக்க வேண்டும், இரண்டு மூன்று வாரம் படுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் கடிக்காத எதுவும் அசாசிக்குச் சாப்பாடு இல்லை. கோழி எலும்பிலிருந்து காப்பாற்றிய நாயைப் பட்டினி போட்டுக் கொல்லப்போகிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பகலெல்லாம் வீட்டில் இருப்பவள், நாயை விரட்டாதவள் என்று யோசித்தால், அக்கம்பக்கத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

வேலியோரம் போய் நின்றாள். மாசெலே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் நாயைப் பாத்துக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

மாசெலே துணிக்கவ்வியை வாயிலிருந்து எடுத்தாள். "என் கையாலயா? யோசிச்சுத்தான் கேக்கறியா?"

"யோசிக்காம பதினோரு வருஷம் கழிச்சு வந்து நிப்பேனா?"

மாசெலே உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் மாட்டுக்குடல் குழம்போடு இவள் முற்றத்துக்கு வந்தாள். எலும்பில்லாத கறியாகப் பார்த்து எடுத்து வந்திருந்தாள். ஒரு துண்டை நீட்டினாள். அசாசி மோந்துகூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தோலகேலே தன் பையிலிருந்த ஈரலைக் கடித்துப் பாதியைக் கொடுத்தாள். நாய் தின்றது. மாசெலே இவளையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உன் வியாதியை நாய்க்கும் குடுத்துட்ட," என்றாள். குரலில் கோபமில்லை. "இதுல நீ வாய் வைக்காம இது தின்னாது தோலா. வேற வழியில்ல."

தோலகேலே கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றாள்.

மாசெலே ஒரு துண்டை எடுத்துத் தானே மென்று விழுங்கினாள். "கல்யாணத்தன்னிக்கும் பானையிலிருந்து முதல் வாய் நான்தான் எடுத்தேன். எல்லாரும் பாத்தாங்க. நீ கொல்லையில அண்டா கழுவிட்டிருந்த. உன்னைக் கூப்பிட்டு, ஒரு தடவை இங்க வந்து பாருன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. ஃபிகிலே என் மகளோட படிச்சவ தோலா. எனக்கும் அவ போனது வலிச்சுது."

தோலகேலே கிண்ணத்துக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள். மெல்ல மென்றாள். குடல் நன்றாக வெந்திருந்தது.

"உப்பு கம்மி," என்றாள்.

"பதினோரு வருஷம் கழிச்சு வந்து குறை சொல்றதைப் பாரு," என்று மாசெலே மூக்கை உறிஞ்சினாள்.

அப்போதுதான் இருவரும் நாயைப் பார்த்தார்கள். அது உட்கார்ந்து தன் பாதிக்காகக் காத்திருந்தது. தோலகேலே மறந்துபோய்த் துண்டு முழுவதையும் தின்றிருந்தாள்.

மாசெலே இன்னொன்றை எடுத்துப் பாதியைக் கடித்துவிட்டு மீதியை நீட்டினாள். அசாசி அவள் கையைப் பார்த்தது, பிறகு தோலகேலேயின் முகத்தைப் பார்த்தது.

"தின்னுடா," என்றாள் தோலகேலே. "அக்கா தின்னுட்டுத்தான் குடுக்கறா."

நாய் எழுந்து போய் வாங்கிக்கொண்டது.