ஜெபத்தில் போட்ட சண்டை

போன மாதம் ஒரு சண்டைக்கு நடுவராகப் போயிருந்தேன். சண்டை முழுக்க நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன்... ஏறக்குறைய. வேறு வழி? நடந்தது ஜெபமாயிற்றே!

எங்கள் சபையில் வேதாகமக் கவுன்சலிங் பயிற்சி முடித்தவர்களில் அடியேனும் ஒருத்தி. மனசு நொந்து வருகிறவர்கள் பேசுவதை முதலில் கேட்க வேண்டும், வசனமெல்லாம் அப்புறம்தான் என்பது பாடம். எனக்கு வந்த முதல் கேஸ், கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஜேக்கப் அண்ணனும் அவர் மனைவி ரூபி டீச்சரும். (பேர்களை மாற்றிவிட்டேன். எழுதச் சம்மதித்த டீச்சருக்குப் புதுப் பேர் பிடிக்கவில்லையாம்.)

டீச்சரின் அம்மா இறந்து இரண்டு மாதம். அன்றிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை. திங்கட்கிழமை பஸ் ஏறி, வால்பாறையில் தங்கை வீட்டுக்கே போய்விடுவது, அங்கேயே டிரான்ஸ்ஃபர் வாங்கிவிடுவது என்று டீச்சர் முடிவெடுத்துப் பெட்டியும் கட்டியாயிற்று. கல்யாணம் முறிகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது.

"சொல்லுங்கண்ணா, என்ன பிரச்சினை?"

"அவங்களையே கேளுங்க சிஸ்டர்."

"டீச்சர்?"

"அவருக்கே தெரியுமுங்க."

எங்க ஊர் மரியாதை! கழுத்தை நெரிப்பதானாலும் 'ங்க' போட்டுத்தான் நெரிப்போம். இவர்களிடம் என்னத்தைக் கேட்பது? சரி, ஜெபத்தோடு ஆரம்பிப்போம் என்றேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

டீச்சர் கண்ணை மூடினார். "அன்புள்ள பரம பிதாவே! சிலருடைய கல்லான இருதயத்தை மாற்றும். பெற்ற தாயைப் பறிகொடுத்தவளை ஒரு வார்த்தை கேட்காமல், மறுநாளே பட்டறைக்குப் போனவர்களை மன்னியும்..."

"ஆமென்," என்றேன்.

பழக்க தோஷம்! வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஜேக்கப் அண்ணன் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னை முறைத்தார். எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் ஒற்றைக் கண்ணைத் திறந்திருந்தேன்.

அடுத்து அண்ணன். "ஆண்டவரே! என்ன கோபம்னு சொல்லாமலே சோத்துத் தட்டை டங்குனு வைக்கிறவங்களுக்குச் சாந்தத்தைத் தாரும். புது மிக்ஸி வாங்கிக் குடுத்தும் அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்காதவங்களை மன்னியும்..."

பாரபட்சம் கூடாதல்லவா? "ஸ்தோத்திரம்!" என்றேன். இப்போது டீச்சர் முறைத்தார்.

ஜெபத்தில் குறுக்கே பேசக் கூடாது. பதில் சொல்ல வேண்டுமானால் அடுத்த ஜெபத்தில்தான். அப்படியே ரவுண்டு ரவுண்டாகப் போனது. கோபம் ஏற ஏற, பைபிள் தமிழ் கழன்று விழுந்தது.

"மிக்ஸி யாருங்க கேட்டாங்க, கர்த்தரே? எங்கம்மாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் உட்டாரான்னு கேளுங்க, கர்த்தரே!"

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"உட்டேனுங்க ஆண்டவரே. அவ முன்னாடி அழுதா அவ இன்னும் ஒடிஞ்சு போயிருவான்னு, பட்டறையில லேத்தை ஓட உட்டுப்போட்டு அந்தச் சத்தத்துல அழுதேனுங்க. அம்மா இல்லாத எனக்கு அத்தைதானுங்க எல்லாம். ஊட்டுக்கு வந்தா என்ன சொல்றதுன்னே தெரியலீங்க... அதான் மிக்ஸி வாங்கினேன்."

டீச்சர் கண்ணைத் திறந்துவிட்டார். ஜெபம் பாதியில் நிற்கிறது, அதைப் பற்றிக் கவலையே இல்லை!

"ஏனுங்க, இதை எங்கிட்டச் சொன்னா என்னங்க?"

"நீ அழுவியே, அம்மணி."

"அழுதா என்னங்க? ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாமில்லங்க!"

அழுதார்கள். நன்றாக, சத்தமாக. நானும்தான். எத்தனை நிம்மதியாக இருந்தது தெரியுமா? நான் குறித்து வைத்திருந்த வசனம் எதையும் எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை வால்பாறை பஸ்ஸில் டீச்சர் ஏறினார். கூடவே, பட்டறைக்கு லீவு விட்டுவிட்டு அண்ணனும். தங்கையைப் பார்த்துவிட்டு இரண்டு பேருமாகத் திரும்பி வந்துவிட்டார்கள்.

மனசில் இருப்பதைக் கடவுளிடம் மட்டும் எவ்வளவு ஓப்பனாகக் கொட்டுகிறோம்! அதைக் கட்டிக்கொண்டவரிடமும் கொஞ்சம் சொல்லித் தொலைக்கலாமே... கடவுள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்!